டிரையர் சுற்றுகிறது, சூடில்லை: வயரிங் கேள்விகளும் பதில்களும்

நியூஜெர்சியில் 19 ஆண்டுகளாக வீட்டு மெஷின்களைப் பழுது பார்க்கிறேன். துணி உலர்த்தும் டிரையரின் வயரிங் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அதற்கு முன் ஒன்று. மூடியைக் கழற்றும் முன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். பிரேக்கரை இறக்கினால் போதும் என்று இருக்காதீர்கள். பேனலில் பெயரை மாற்றி எழுதி வைத்திருக்கும் வீடுகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

நியூஜெர்சி எடிசனிலிருந்து ஒருவர்: டிரம் சுற்றுகிறது, உள்ளே விளக்கு எரிகிறது, ஆனால் சூடே இல்லை. சூடேற்றும் காயில் போய்விட்டது என்று நினைத்துப் புதிது மாட்டினேன். அப்போதும் அப்படியே. ஓடும்போது மீட்டர் வைத்தால் இரண்டு லைனிலும் 120 வோல்ட் காட்டுகிறது. பிறகு எங்கேதான் கோளாறு?

உங்கள் மீட்டர் பொய் சொல்லவில்லை, நீங்கள் அளந்த இடம்தான் உங்களை ஏமாற்றிவிட்டது. அமெரிக்க எலெக்ட்ரிக் டிரையருக்கு இரண்டு லைன், ஒரு நியூட்ரல் வருகிறது. ஒவ்வொரு லைனுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 120 வோல்ட், இரண்டு லைனுக்கும் இடையே 240. மோட்டார், டைமர், விளக்கு எல்லாம் பெரும்பாலும் ஒரு லைனையும் நியூட்ரலையும் வைத்து 120-இல் ஓடும். காயிலுக்கு மட்டும் இரண்டு லைனும் வேண்டும். அதனால் மோட்டாருக்குப் போகாத லைன் அறுந்தால் டிரம் சுற்றிக்கொண்டே இருக்கும், சூடு மட்டும் வராது.

இப்போது உங்களை ஏமாற்றிய இடம். நல்ல லைனின் 120 வோல்ட் காயிலுக்குள் புகுந்து, மறுபக்கம் செத்துக் கிடக்கும் லைனின் முனை வரை வந்து நிற்கும். கரண்ட் ஓடாததால் காயிலில் வோல்டேஜ் விழாது. நியூட்ரலோடு சேர்த்து அளந்தால் செத்த லைனும் 120 என்றுதான் காட்டும். மீட்டர் வயரின் ஒரு நுனியை முதல் லைனிலும் மறு நுனியை இரண்டாவது லைனிலும் வையுங்கள். 240 வர வேண்டிய இடத்தில் பூஜ்யம் வந்தால் ஒரு லைன் வழியிலேயே அறுந்திருக்கிறது. மின்சாரம் இருக்கும்போது அளந்து பழக்கமில்லாதவர்கள் இதை எலெக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

அறுந்த இடம் மூன்றில் ஒன்றாக இருக்கும்: இரட்டை பிரேக்கரில் ஒரு பாதி, சுவர் சாக்கெட், இல்லையென்றால் டிரையரின் பின்னால் கார்டு வந்து சேரும் டெர்மினல் பிளாக். நான் முதலில் திறப்பது டெர்மினல் பிளாக்கைத்தான். 5,400 வாட் காயில் 240 வோல்ட்டில் 22.5 ஆம்பியர் இழுக்கும். தளர்ந்த ஸ்க்ரூவில் 0.1 ஓம் கூடினாலே அந்த ஒரு புள்ளியில் 50 வாட் சூடு கிளம்பும். பிளாக் பழுப்பேறி, வயரின் மேலுறை விறைத்து, செம்பு கருத்திருக்கும். கருத்த நுனியை வெட்டிவிட்டுப் புது லக் (வயர் நுனியில் மாட்டும் உலோக வளையம்) போடுங்கள், பிளாக்கையும் மாற்றுங்கள். அதே ஸ்க்ரூவை இறுக்கி விட்டால் ஆறு மாதத்தில் மறுபடி அதே கதை.

அப்புறம், பழைய காயிலைத் தூக்கிப் போடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கி, காயிலின் வயர்களைக் கழற்றிவிட்டு ஓம் பார்த்தால் சுமார் 10 ஓம் வரும். வந்தால் அது நல்ல காயில்.

ஸ்டேட்டன் தீவிலிருந்து: அண்ணை, நாங்கள் மாறின வீடு பழையது, மூன்று ஓட்டைச் சாக்கெட்தான் கிடக்குது. எங்கட டிரையரில நாலு முனைக் கார்டு இருந்தது. அதைக் கழட்டி மூன்று முனைக் கார்டு நானே போட்டனான். இப்ப டிரையரையும் வாஷிங் மெஷினையும் ஒரே நேரத்தில தொட்டால் ஷாக் அடிக்குது. ஏன்?

தம்பி, இந்தப் பதிலை வாசிக்கும் முன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு வாருங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் அந்தப் பக்கம் விடாதீர்கள்.

நாலு முனைக் கார்டில் இரண்டு லைன், நியூட்ரல், எர்த் எல்லாம் தனித்தனி. அங்கே நியூட்ரலும் டிரையரின் உடம்பும் ஒட்டக் கூடாது என்பதால் நடுவில் இருக்கும் இணைப்புப் பட்டையைக் கழற்றிவிடுவார்கள். மூன்று முனையில் எர்த்துக்கென்று தனி வயர் கிடையாது. அந்தப் பட்டைதான் உடம்பை நியூட்ரலோடு சேர்த்துக் காப்பாற்றுகிறது. கார்டை மாற்றியபோது பட்டையைத் திரும்பப் போடவில்லை என்றால் உங்கள் டிரையரின் உடம்பு எதனோடும் சேராமல் நிற்கிறது. உள்ளே சின்னக் கசிவு இருந்தாலும் அது உங்கள் கை வழியாக வாஷிங் மெஷினின் எர்த்துக்குப் போகும்.

பட்டையைப் போட்டிருந்தும் அடிக்கிறது என்றால் அது இன்னும் மோசம். சாக்கெட்டில் நியூட்ரல் விட்டுப்போயிருக்கும். அப்போது மோட்டார் வழியாக வரும் 120 வோல்ட் திரும்பிப் போக வழியில்லாமல் பட்டை வழியாக டிரையரின் உடம்பு முழுக்க ஏறி நிற்கும். இதில் உயிர் போகும்.

இந்த ஆபத்துக்காகத்தான் அமெரிக்க மின் விதித்தொகுப்பு 1996 பதிப்பிலிருந்து புதிய டிரையர் லைன்களுக்கு நாலு வயரைக் கட்டாயமாக்கியது. பழைய லைன்களை அப்படியே விட்டுவைத்தார்கள், அதனால்தான் உங்கள் வீட்டில் இன்னும் மூன்று ஓட்டை. லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனை அழைத்து முதலில் நியூட்ரலைப் பார்க்கச் சொல்லுங்கள். முடிந்தால் பேனலிலிருந்து 10 கேஜ் செம்பில் நாலு வயர் கேபிளை இழுத்துவிடுங்கள். செலவாகும்தான், ஆனாலும் நான் என் வீட்டில் அதைத்தான் செய்தேன். நியூட்ரலைத் தண்ணீர்க் குழாயில் கட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

டல்லாஸிலிருந்து: சூடில்லாத காற்று மட்டும் என்று வைத்தாலும் துணி கொதிக்கக் கொதிக்க வருகிறது. சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டை மாற்றியும் பயனில்லை.

காயில் கம்பி அறுந்தோ தொங்கியோ அதன் தகரக் கூட்டைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. கரண்ட் லைனிலிருந்து காயிலின் ஒரு பகுதி வழியாக நேரே டிரையரின் உடம்புக்கு ஓடுகிறது. தெர்மோஸ்டாட் இருப்பது மறுபக்கம், அது திறந்தாலும் இந்த ஓட்டம் நிற்காது. பிளக்கைப் பிடுங்கி, காயிலின் இரண்டு வயரையும் கழற்றிவிட்டு, காயில் முனைக்கும் கூட்டுக்கும் இடையே கன்டினியூட்டி (இணைப்பு இருக்கிறதா என்று) பாருங்கள். மீட்டர் கத்தினால் காயிலை மாற்றுங்கள். அதுவரை ஓட்ட வேண்டாம்.

அட்லாண்டாவிலிருந்து: பெல்ட் மாற்றிய பிறகு எப்போதாவது பிரேக்கர் விழுகிறது. துணி அதிகமாகப் போட்டால் அடிக்கடி.

பெல்ட் மாற்ற டிரம்மை எடுத்தபோது வயர்க் கொத்து தன் கிளிப்பிலிருந்து நழுவியிருக்கும். பாரம் ஏறினால் டிரம் தாழ்ந்து வயரை உரசும். டிரம்மைக் கையால் மெல்லச் சுற்றிக்கொண்டே டார்ச் அடித்துப் பாருங்கள், மேலுறை தேய்ந்து செம்பு மின்னும். டேப் சுற்றி விடாதீர்கள், அந்தச் சூட்டில் அது உரிந்துவிடும். அதிக வெப்பம் தாங்கும் வயர் துண்டு போட்டு, கிளிப்பில் சரியாக மாட்டுங்கள்.

சென்னை அடையாறிலிருந்து: ஐயா, எங்கள் டிரையர் சாதாரண 230 வோல்ட், 16 ஆம்பியர் பிளக். மழைக்காலம் வந்ததும்தான் எடுக்கிறோம். இந்த வருடம் போட்டதும் இரண்டு நிமிடத்தில் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) ட்ரிப் ஆகிறது. வேறு வீட்டில் ஓடுகிறது. ஆனால் அங்கே தொட்டால் கை விறுவிறு என்கிறது.

அந்த வீட்டில் எர்த்தும் இல்லை, ஆர்சிசிபியும் இல்லை. அதனால்தான் ஓடுகிறது! உங்கள் வீட்டு ஆர்சிசிபி தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. தயவுசெய்து அதை பைபாஸ் செய்யாதீர்கள்.

மாதக்கணக்கில் சும்மா இருந்த ஹீட்டர் ஈரத்தை இழுத்திருக்கும், கரண்ட் எர்த்துக்குக் கசிகிறது. வீட்டு ஆர்சிசிபி பொதுவாக 30 மில்லி ஆம்பியரில் விழும். ஹீட்டர் வயர்களைக் கழற்றி இன்சுலேட் செய்து வைத்துவிட்டுச் சூடில்லாமல் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். விழவில்லை என்றால் ஹீட்டர்தான். சாதாரண மல்டிமீட்டரில் இந்தக் கசிவு பெரும்பாலும் தெரியாது, இன்சுலேஷனைச் சோதிக்கும் 500 வோல்ட் மெக்கர் உள்ள ஆளைக் கூப்பிடுங்கள். சரி, கை விறுவிறுப்பது? எர்த் இல்லாத இடத்தில், மெஷினுக்குள் இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர் வழியாகவே லேசான வோல்டேஜ் மெஷினின் உடம்பில் ஏறும். உங்கள் மெஷினில் ஹீட்டர் கசிவும் அதோடு சேர்ந்திருக்கலாம். அந்த வீட்டுக்காரர்களிடம் எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள், அவர்கள் வீட்டு கீசரும் அதே நிலையில்தான் இருக்கும்.

மறுபடி எடிசன், வேறொருவர்: தெர்மல் ஃபியூஸ் (சூடு மிஞ்சினால் அறுந்துபோகும் பாதுகாப்பு ஃபியூஸ்) மூன்றாவது முறை போய்விட்டது. வயர் போட்டு நேரடியாக இணைத்துவிடலாமா?

கூடாது. அந்த ஃபியூஸ் காற்றுக் குழாய் அடைத்திருக்கிறது என்று மூன்று முறை உங்களுக்குச் சொல்லிவிட்டது. அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகத்தின் கணக்கில் 2008 முதல் 2010 வரை ஆண்டுக்குச் சுமார் 2,900 டிரையர் தீ விபத்துகள். அவற்றுக்கு முதல் காரணம் சுத்தம் செய்யாமல் விட்டது. குழாயைச் சுவரிலிருந்து வெளி மூடி வரை கழற்றிப் பஞ்சை எடுங்கள், பிறகு நாலாவது ஃபியூஸைப் போடுங்கள்.