நாற்பது நாள் படைப்பணி

அன்புள்ள ஆசிரியருக்கு,

இடைக்கால ஐரோப்பா பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். ஒரு சந்தேகம். இங்கிலாந்து, பிரான்ஸ் அரசர்கள் எப்போது பார்த்தாலும் யாரோடாவது சண்டை போட்டுக்கொண்டே இருந்தார்கள். ஆனாலும் நிரந்தரமாக ஒரு படையை வைத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு முறையும் பிரபுக்களுக்கு ஓலை அனுப்பி, அவர்கள் ஆள் திரட்டி வரும்வரை காத்திருந்தார்கள். ரோமானியர்கள் எப்போதோ செய்து காட்டிய விஷயம் இவர்களுக்கு ஏன் தோன்றவில்லை? பணம் இல்லை என்பது மட்டும்தான் காரணமா?

எம்.

அன்புள்ள எம்.,

தோன்றாமல் இல்லை. முயன்றும் பார்த்தார்கள். பணம் பாதிக் காரணம், அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1066 கோடை முழுவதும் இங்கிலாந்து அரசர் ஹரால்ட் தன் படையைத் தெற்குக் கடற்கரையில் நிறுத்திவைத்திருந்தார். பிரான்ஸின் நார்மண்டியிலிருந்து அதன் பிரபு வில்லியம் எப்போது வேண்டுமானாலும் படையெடுத்து வரலாம். வரவில்லை. செப்டம்பர் 8 வாக்கில் சாப்பாடு தீர்ந்துவிட்டது, ஆட்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. செப்டம்பர் 28 அன்று வில்லியம் கரையிறங்கினார். சண்டையே போடாமல் சும்மா உட்கார்ந்திருக்கும் படைக்கு ஒரு கோடைக்காலம் சோறு போடுவதே அவ்வளவு கஷ்டமாக இருந்தது.

ரோமுக்கு ஒழுங்காக வரி வந்தது, அதைக் காசாக வீரனின் கையில் கொடுக்க முடிந்தது. மேற்கு ஐரோப்பிய அரசனின் செல்வம் பெரும்பாலும் தானியம், கால்நடை, குடியானவனின் உழைப்பு. அதைத் தலைநகருக்கு வண்டி கட்டிக் கொண்டுவந்து காசாக்குவதற்குப் பதில், அது விளையும் இடத்தையே வீரனுக்கு எழுதிக் கொடுத்துவிடுவது சுலபம். குதிரை, இரும்புச் சட்டை, எடுபிடி ஆள் எல்லாம் அவன் செலவு. பதிலுக்கு, வழக்கப்படி, ஆண்டுக்கு நாற்பது நாள் படைப்பணி. அதற்கு மேல் வேண்டுமென்றால் அரசன்தான் காசு கொடுக்க வேண்டும்.

இந்த நாற்பது நாளை அவர்கள் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. 1226இல் பிரெஞ்சு அரசர் எட்டாம் லூயி அவிஞ்ஞோன் நகரை முற்றுகையிட்டிருந்தபோது, ஷாம்பெய்ன் பிரபு திபோ நாற்பது நாள் முடிந்ததும் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். முற்றுகை பாதியில் நிற்கிறது, அரசர் கோபப்படுகிறார், எதுவும் அவரைத் தடுக்கவில்லை. ஸ்காட்லாந்துப் போருக்கு இங்கிலாந்து அரசர் முதலாம் எட்வர்டின் படையில் வந்த ஒரு சிறு நிலக்காரரின் கதை இன்னும் வேடிக்கை. வில்லும் அம்புமாக வர வேண்டும் என்பது அவர் நிலத்துக்கான கடமை. வந்தார், எதிரியைக் கண்டதும் அம்பை விட்டார், ஊருக்குத் திரும்பிவிட்டார். கணக்கு தீர்ந்தது!

அரசர்களுக்கும் இதெல்லாம் எரிச்சல்தான். 1159இல் துலூஸ் மீது படையெடுத்தபோது இங்கிலாந்தின் இரண்டாம் ஹென்றி, வரவேண்டிய பல வீரர்களுக்குப் பதிலாகப் பணமே போதும் என்று கேடய வரி வசூலித்துக் கூலிப்படை வைத்துக்கொண்டார். அரண்மனையில் சம்பளம் வாங்கும் ஒரு சிறு குதிரைப்படையும் எப்போதும் இருந்தது. ஆகவே படையே இல்லை என்று நினைக்க வேண்டாம். அந்தச் சிறு வட்டத்தைப் பெரிதாக்க முயலும்போதுதான் சண்டை வந்தது.

என்னைக் கேட்டால், உங்கள் கேள்விக்கான பதில் 1197இல் ஆக்ஸ்ஃபோர்டில் கூடிய சபையில் இருக்கிறது. இங்கிலாந்து அரசர் ரிச்சர்ட் நார்மண்டியில் போரிட்டுக்கொண்டிருக்கிறார். அவர் சார்பில் பேராயர் ஹூபர்ட் வால்டர் கேட்கிறார்: ஓராண்டு முழுவதும் பணியாற்ற 300 குதிரைவீரர்கள் கொடுங்கள், அல்லது ஆளுக்கு நாளொன்றுக்கு 3 ஷில்லிங் வீதம் பணம் கொடுங்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள் (20 ஷில்லிங் ஒரு பவுண்டு). நாளுக்கு 45 பவுண்டு, ஆண்டுக்கு 16,425 பவுண்டு. அந்த ஆண்டுகளில் இங்கிலாந்து அரசின் வருமானமே சுமார் 25,000 பவுண்டுதான். வெறும் 300 பேருக்கு இது!

லிங்கன் ஆயர் ஹ்யூ எழுந்து மறுத்தார். தன் திருச்சபை இங்கிலாந்துக்குள் மட்டுமே படைப்பணி தரக் கடமைப்பட்டது, கடல் தாண்டி அல்ல என்றார். சாலிஸ்பரி ஆயரும் சேர்ந்துகொண்டார், திட்டம் படுத்துவிட்டது. ஹ்யூவின் சொத்தைப் பறிமுதல் செய்ய அரசர் ஆணையிட்டார். ஹ்யூவின் சாபத்துக்குப் பயந்து அதிகாரிகள் யாரும் கைவைக்கவில்லை.

ஹ்யூ பணத்தைப் பற்றியா பேசினார்? அவர் பேசியது உரிமையைப் பற்றி. இன்று ஓராண்டுக்கு ஒப்புக்கொண்டால் நாளை அதுவே வழக்கமாகிவிடும். சம்பளத்துக்கு நிற்கும் படை கையில் இருக்கும் அரசனுக்குப் பிரபுக்களைக் கெஞ்ச வேண்டிய அவசியமில்லை, அதே படையை அவர்கள் கோட்டை மேலேயே ஏவலாம். 1215இல் பிரபுக்கள் ஜான் அரசரிடம் வாங்கிய மாக்னா கார்ட்டா என்ற உரிமைச் சாசனத்தில் இரண்டும் இருக்கின்றன: பொது ஆலோசனையில்லாமல் கேடய வரி கூடாது, வெளிநாட்டுக் கூலிப்படையினர் நாட்டைவிட்டுப் போக வேண்டும்.

கூலிப்படையால் வந்த தலைவலி தனி. சம்பளம் உள்ளவரை நல்ல வீரர்கள், சமாதானம் வந்தால் கொள்ளைக்காரர்கள். 1360இல் இங்கிலாந்தும் பிரான்ஸும் பிரெட்டினியில் உடன்பாடு செய்ததும், வேலை போன கூட்டங்கள் ரோன் நதிக்கரையில் பாலத்தோடு கூடிய ஒரு நகரையே பிடித்து, அவிஞ்ஞோனில் இருந்த போப்பை மிரட்டிப் பணம் வாங்கின. 1362இல் லியோனுக்கு அருகே அரசப் படையையே தோற்கடித்தன.

கடைசியில் பிரான்ஸில் நிரந்தரப் படை பிறந்தது இந்தத் தொல்லையிலிருந்துதான். 1439இல் ஏழாம் சார்லஸ், அரசனைத் தவிர யாரும் படை திரட்டக் கூடாது, அதற்கு வரி வசூலிக்கவும் கூடாது என்று ஆணையிட்டார். மறு ஆண்டே பிரபுக்கள் கலகம் செய்தார்கள், அரசரின் மகனும் அவர்களோடு! அதை அடக்கிவிட்டு, 1445இல் ஊர் சுற்றிய கூட்டங்களிலிருந்து தேறியவர்களைப் பொறுக்கி, குழுவுக்கு நூறு ஈட்டி என்று பதினைந்து குழுக்கள் அமைத்தார். ஓர் ஈட்டி என்றால் ஆறு பேர்: கவசவீரர், துணைவீரர், இரண்டு வில்லாளிகள், பணியாள்கள் இருவர். மற்றவர்களை வீட்டுக்கு அனுப்பினார். குழுக்களை ஊர் ஊராகத் தங்கவைத்து, செலவை மக்கள் தலையில் வைத்தார். ‘தாய்’ (taille) என்ற பிரெஞ்சுப் பெயருள்ள நேரடி வரி ஆண்டுதோறும் வரத் தொடங்கியது. எதிர்த்த பிரபுக்கள் எப்படி அடங்கினார்கள் என்கிறீர்களா? அந்த வரியிலிருந்து அவர்களுக்கு விலக்கு. குழுத் தலைவர் பதவிகளும் பெரும்பாலும் அவர்களுக்கே போயின.

இங்கிலாந்தில் இந்தப் பேரம் படியவே இல்லை. அங்கே 1689 உரிமைச் சட்டத்திலும், நாடாளுமன்றத்தின் ஒப்புதல் இல்லாமல் சமாதான காலத்தில் படை வைத்திருப்பது சட்டவிரோதம் என்றே எழுதி வைத்தார்கள்.