ரெண்டு பேர் போற காத்தடைக்கிற கயாக், கம்மி விலையில வாங்கலாமா?

டொராண்டோ பக்கம் ஏரியில வீக்கெண்ட் சும்மா சுத்த, ரெண்டு பேருக்கு காத்தடைக்கிற கம்மி விலை கயாக் (துடுப்பு போட்டு ஓட்டுற சின்ன படகு) ஓகேவான்னு கேட்டிருக்கீங்க. தாராளமா ஓகே, ஆனா அலை இல்லாத தண்ணியில, கரைய ஒட்டி மட்டும். இன்டெக்ஸ் எக்ஸ்ப்ளோரர் கே2 மாதிரி மாடல்ல துடுப்பு, பம்ப் எல்லாம் கூடவே வந்துடும், 180 கிலோ வரைக்கும் தாங்கும்னு போட்டிருப்பாங்க, ஆனா ரெண்டு பெரிய ஆளு, ஐஸ் பாக்ஸ், நாய்னு ஏத்தினா காலு நீட்ட இடம் இருக்காது.

படகு நேரா போறதுக்கு அடியில மாட்டுற, மீனோட துடுப்பு மாதிரி சின்ன பிளாஸ்டிக், ஸ்கெக்னு சொல்வாங்க, அத மறந்துடாதீங்க. நான் ஒரு தடவ மறந்துட்டு போயி, ஒரு தள்ளு தள்ளினா மூக்கு இடது பக்கம், இன்னொண்ணு தள்ளினா வலது பக்கம், அரை மணி நேரம் ஒரே இடத்துல தான் ஆடிட்டு இருந்தோம், வீட்டம்மா சிரிச்ச சிரிப்பு இருக்கே!

காத்து தான் பெரிய எதிரி. லேசா இருக்கிறதால இலை மாதிரி இழுத்துட்டு போயிடும், அதனால போகும்போது எதிர்காத்துல போங்க, களைச்சு திரும்பும்போது அதுவே தள்ளி விடும். குளிர்ந்த தண்ணியில இறக்கினதும் உள்ள காத்து சுருங்கி தொளதொளன்னு ஆகும், ரெண்டு பம்ப் அடிச்சுக்கோங்க. வெயில்ல கரையில போட்டா நேர்மாறு, உப்பி தையல் விட்டுடும், கொஞ்சம் காத்த இறக்கிடுங்க.

லைஃப் ஜாக்கெட், விசில், 15 மீட்டர் மிதக்கிற கயிறு, தண்ணி இறைக்க ஒரு டப்பா கண்டிப்பா வேணும், கனடாவுல அது சட்டம்.