சந்தைக்கும் ஒரு நேரம் உண்டு

வாசகர் கேள்வி – பதில்

இருபத்திரண்டு ஆண்டுகள் விமானத்தில் பயணிகளைக் கவனிக்கும் கேபின் க்ரூவாகப் பணிபுரிந்து, ஓய்வுக்குப் பின் பாளையங்கோட்டைக்குத் திரும்பியிருக்கும் நம் பத்தியாளர், இரு விமானப் பணிகளுக்கு நடுவே கிடைக்கும் வெளியூர்த் தங்கல்களில் சந்தையும் சாப்பாட்டுக் கடையும் தேடிப் போவது பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறார்.

வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. இதுவரை உள்நாட்டு விமானங்களில் மட்டுமே பறந்திருக்கிறேன். அடுத்த மாத ரோஸ்டரில் (பணி அட்டவணையில்) முதல் முறையாகச் சிங்கப்பூரில் 34 மணி நேரத் தங்கல் வந்திருக்கிறது. காலை ஆறு மணிக்கு இறங்குவோம். உடன் வரும் அக்காமார் அறையை விட்டு வெளியே வருவதே இல்லை என்கிறார்கள். எனக்கோ சந்தை பார்க்க வேண்டும், அந்த ஊர்ச் சாப்பாட்டைச் சாப்பிட வேண்டும். எங்கே போகலாம்?
– ஓர் இளம் வாசகி, வள்ளியூர்

எங்கே போவது என்று கேட்டிருக்கிறீர்கள். எப்போது போவது என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். மேலப்பாளையம் சந்தைக்குச் செவ்வாய்க்கிழமை, அல்வா வாங்க இருட்டுக்கடைக்கு மாலை மயங்கும் வேளை என்று நாளும் பொழுதும் பார்த்துப் போகிற ஊர்க்காரர்களான நாம், வெளிநாட்டில் இறங்கியதும் அந்த அறிவை விமானத்திலேயே விட்டுவிட்டு, எந்த நேரத்திலும் எல்லாம் திறந்திருக்கும் என்று நம்பிப் புறப்பட்டுவிடுகிறோம். என் முதல் சிங்கப்பூர்த் தங்கலில் நானும் அப்படித்தான் ஒரு திங்கட்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குத் தேக்கா சந்தைக்குப் போய், கழுவிவிட்ட தரையையும் கவிழ்த்து அடுக்கிய கூடைகளையும் பார்த்துவிட்டுத் திரும்பினேன். மீன், இறைச்சி, காய்கறி விற்கும் பகுதி அங்கே காலைச் சந்தை; நண்பகலுக்குள் பெரும்பாலான கடைகளை ஒதுக்கிவிடுவார்கள். போதாக்குறைக்குத் திங்கட்கிழமைகளில் பல மீன் கடைகள் திறப்பதே இல்லை.

நீங்கள் இறங்கும் காலை ஆறு மணி என்பது நம் ஊர்க் கணக்கில் அதிகாலை மூன்றரை. இரவு முழுவதும் நின்று வேலை பார்த்த உடம்பு அது. ஆகவே முதல் நாள் காலைச் சந்தையை ஆசையோடு சேர்த்து ஒத்திவைத்துவிட்டு, திரையை இழுத்து மூடி நண்பகல் வரை தூங்குங்கள். அறையை விட்டு வெளியே வராத அந்த அக்காமாரைச் சோம்பேறிகள் என்று எண்ணிவிட வேண்டாம். தங்கல் நேரம் என்பது அடுத்த விமானத்துக்காக நமக்குக் கொடுக்கப்படும் ஓய்வு, அதில் மிஞ்சுவதுதான் ஊர் பார்க்கும் நேரம் என்பதை அவர்கள் பல ஆண்டு அனுபவத்தில் தெரிந்துகொண்டவர்கள். மாலை ஐந்து மணி வாக்கில் குளித்து, சிராங்கூன் சாலையில் ஒரு நடை நடந்து, ஹாக்கர் சென்டர் எனப்படும் உணவுக்கூடம் ஒன்றில் சாப்பிட்டுவிட்டு, பத்து மணிக்குள் படுத்துவிட்டால், மறுநாள் காலை ஏழு மணிக்குத் தேக்காவில் நிற்கலாம். ஒன்பதரைக்கு அறைக்குத் திரும்பினாலும் பிற்பகலில் விமான நிலையத்துக்கு அழைத்துப்போக வண்டி வரும் முன் ஒரு குட்டித் தூக்கத்துக்கு இடம் இருக்கும்.

தேக்கா சந்தையின் பழைய பெயர் கண்டாங் கெர்பாவ். மலாய் மொழியில் எருமைத் தொழுவம் என்று பொருள். ஒரு காலத்தில் அந்த வட்டாரம் முழுவதும் மாட்டுத் தொழில் நடந்த இடம், பக்கத்துத் தெருவுக்கு இன்றும் பஃபலோ சாலை என்றே பெயர். உள்ளே போனால் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாழையிலையும் ஒரு வரிசையில், நாம் பார்த்தே இராத சீனக் கீரைகள் அடுத்த வரிசையில் என்று இருக்கும். ஈரத் தரை வழுக்கும்; விடுதிச் செருப்போடு போகாதீர்கள். தமிழ் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று என்பதால் பெயர்ப்பலகை படிக்கவோ விலை கேட்கவோ திணற வேண்டியதில்லை.

சாப்பாட்டுக்கு வருகிறேன். சிங்கப்பூரின் ஹாக்கர் பண்பாட்டை யுனெஸ்கோ 2020ஆம் ஆண்டு மானுட மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் அதன் அருமையைத் தெரிந்துகொள்ள அந்தப் பட்டியல் தேவையில்லை, ஒரு பரோட்டாக் கல்லின் முன்னால் கால் மணி நேரம் நின்றால் போதும். பிராட்டா என்ற பெயரில் அங்கே போடுவது நம் பரோட்டாவின் பங்காளிதான். நாம் அடுக்கடுக்காகச் சுருட்டித் தட்டி எண்ணெயில் போட்டெடுத்துப் பிய்த்துச் சால்னாவில் ஊறவைப்போம். அவர்கள் மாவை வீசி வீசித் துணிபோல் மெலிதாக்கி மடித்துச் சுட்டு, ஒரு கிண்ணம் பருப்புக் குழம்போ மீன் குழம்போ பக்கத்தில் வைப்பார்கள். தலைமுறைகளுக்கு முன் கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் கப்பலேறிய தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் அங்கும் பினாங்கிலும் வேரூன்றியிருக்கின்றன. ஒரு முறை தேத்தண்ணீர்க் கடை முதியவர் ஒருவர் என் பேச்சைக் கேட்டதும், ‘திருநவேலியா? எந்தப் பக்கம் தாயி?’ என்று விசாரித்துவிட்டு, ஆற்றிய தேநீரை இன்னொரு முறை உயரத் தூக்கி ஆற்றிக் கொடுத்தார்.

சில சொற்களைத் தெரிந்துகொண்டு போங்கள். ‘தே’ என்றால் கெட்டிப்பால் சேர்த்த தேநீர். ‘தே ஓ’ என்றால் பால் இல்லாதது, சர்க்கரை உண்டு. ‘தே ஓ கொசொங்’ என்றால் பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை. அதே கொசொங் என்ற சொல்லைப் பிராட்டாவோடு சேர்த்தால் முட்டை, வெங்காயம் எதுவும் சேர்க்காத வெறும் பிராட்டா என்று ஆகும். காலியான மேசை மீது ஒரு காகிதக் கைக்குட்டைப் பொட்டலம் கிடந்தால், யாரோ மறந்துவிட்டுப் போனார்கள் என்று எடுத்துவிடாதீர்கள். நம் ஊர்ப் பேருந்தில் சன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பதற்கு நிகரான ஏற்பாடு அது. சாப்பிட்டு முடித்ததும் தட்டை நீங்களே எடுத்துப்போய் அதற்குரிய அடுக்கில் வைக்க வேண்டும். 2021 முதல் அது சட்டம். ஹலால் தட்டுகளுக்குத் தனி அடுக்கு உண்டு, மாற்றி வைத்துவிட வேண்டாம்.

என் மகன் துபாய்க்கும் பாங்காக்குக்கும் பறக்கிறான். கண்ட இடத்தில் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்வானோ என்ற பயத்தில் வீட்டில் அரைத்த குருமாப் பொடி, பருப்புப் பொடி, வயிற்றுக்கு அரிஷ்டம், ஆத்தூர் வெற்றிலை எல்லாம் கட்டிக் கொடுக்கிறேன். அவனோ பருப்புப் பொடியைத் தவிர எதையும் தொட மறுக்கிறான். பெற்றவள் கொடுப்பது கசக்கிறதா?
– ஒரு தாய், வீரவநல்லூர்

அம்மா, உங்கள் மகன் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. அவர் உங்களிடம் காரணத்தைச் சொல்லாதது மட்டுமே தவறு.

குருமாப் பொடியில் கசகசா சேர்த்திருப்பீர்கள். நமக்கு அது குழம்பைக் கெட்டிப்படுத்தும் பொருள். ஐக்கிய அரபு அமீரகத்திலும் சிங்கப்பூரிலும் அபினிச் செடியின் விதை என்பதால் தடைசெய்யப்பட்ட பொருள். ஒரு தேக்கரண்டி அளவு பெட்டியில் இருந்தாலும் விசாரணை, வழக்கு என்று போகக்கூடும். இங்கேயே கூட, 2022 முதல் விமானப் பணியாளர்களுக்குத் திடீர்ப் போதைப்பொருள் பரிசோதனை நடத்தப்படுகிறது. கசகசாவை நிறையச் சேர்த்துச் சாப்பிட்டவரின் சிறுநீரில் அதன் தடயம் தென்பட வாய்ப்பு உண்டு. வெற்றிலை பாக்கும் துபாய்க்குக் கொண்டுபோகக் கூடாத பொருள்களில் அடக்கம். ஆத்தூர் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கலாம், சுங்க அதிகாரிக்கு அது ஒரு பொருட்டல்ல. அரிஷ்டம் என்பது நொதிக்கவைத்துச் செய்யப்படும் மருந்து, அதிலேயே ஆல்கஹால் உண்டாகும். பறப்பதற்கு முந்தைய 12 மணி நேரத்தில் மது அருந்தக் கூடாது என்பதோடு, ஆல்கஹால் கலந்த வாய்கொப்புளிக்கும் திரவத்தையும் தவிர்க்க வேண்டும் என்று இந்திய விதி இருக்கும்போது, ஒரு மூடி அரிஷ்டம் குடித்துவிட்டு மூச்சுப் பரிசோதனைக் கருவியில் ஊதுவது யாருக்கும் நல்லதல்ல. வீட்டு மருந்துதான் என்ற விளக்கம் அங்கே எடுபடாது. பருப்புப் பொடிக்கு எந்தத் தடையும் இல்லை, தாராளமாகக் கொடுங்கள். உடன்குடிக் கருப்பட்டியும் கொடுக்கலாம்.

வெளிச் சாப்பாட்டைப் பற்றிய உங்கள் பயம் முழுவதும் வீண் என்று சொல்ல மாட்டேன். இரு விமானிகளும் ஒரே உணவைச் சாப்பிடுவதில்லை என்ற வழக்கம் விமானத்தில் உண்டு. ஒன்று கெட்டுப்போயிருந்தாலும் ஒருவராவது நலமாக இருக்க வேண்டும் என்பதற்காக. அந்த எச்சரிக்கையைத் தரையிலும் கடைப்பிடிக்கலாம். ஐந்து பேர் சேர்ந்து போனால் ஐவரும் ஒரே சிப்பித் தட்டில் கை வைக்காமல் இருப்பது நல்லது. கண்ணெதிரே கொதித்து இறங்குவதை, கூட்டம் நகர்ந்துகொண்டே இருக்கும் கடையில் சாப்பிட்டால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. நறுக்கி வைத்த பழம், பச்சை மீன், எங்கிருந்து வந்தது என்று தெரியாத ஐஸ் ஆகியவற்றைப் பறக்கும் நாளில் தொடக் கூடாது.

இன்னொன்றும் அவருக்குச் சொல்லுங்கள். பறக்கும் விமானத்தின் உள்ளே காற்றழுத்தம், 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பது போலக் குறைந்திருக்கும். கொடைக்கானல் ஏறக்குறைய 7,000 அடி. மலையேறும் பேருந்தில் சிப்ஸ் பொட்டலம் உப்பிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். வயிற்றில் உள்ள வாயுவுக்கும் அதே கதிதான். எனவே மொச்சைக் குழம்பும் கொண்டைக்கடலையும் தங்கலின் முதல் நாளோடு சரி.

எனக்கு அடிக்கடி திருவனந்தபுரத்தில் ஒரு நாள் தங்கல் வருகிறது. அங்கிருந்து திருநெல்வேலிக்கு வந்து, வீட்டில் முகம் காட்டி, அல்வாவும் வாங்கிக்கொண்டு இரவுக்குள் திரும்பிவிடலாம் என்று மனம் துடிக்கிறது. யாருக்கும் தெரியாமல் வந்துபோனால் என்ன?
– ஒரு வாசகர், மூலைக்கரைப்பட்டி

வர வேண்டாம். ஏறக்குறைய 150 கிலோமீட்டர்; நாகர்கோவில் வழியில் போக மூன்றரை, நான்கு மணி நேரம், திரும்ப அதே அளவு. இருட்டுக்கடை திறப்பதே மாலையில். வரிசையில் நின்று வாங்கிப் பேருந்து பிடித்து அறைக்குப் போய்ச் சேரும்போது நள்ளிரவு தாண்டிவிடும். காலை விமானத்தில் அவசரக் கதவருகே உட்காரப்போகும் உங்களை நம்பி நூற்றுக்கும் மேற்பட்ட பேர் பயணம் செய்வார்கள். வழியில் ஒரு மறியல், ஒரு டயர் பஞ்சர் என்றால் வேலையே போய்விடும். அல்வாவை உங்கள் வீட்டாரே வாங்கி வந்து கொடுக்கட்டும். ஓய்வில் இருக்க வேண்டியவர் நீங்கள், அவர்கள் அல்லர்.

அதற்குப் பதிலாகக் கிழக்கேகோட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் சாலைக் கடைத்தெருவுக்குப் போய்ப் பாருங்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூர் திவானாக இருந்த ராஜா கேசவதாஸ் உருவாக்கிய சந்தை அது. காலை எட்டு மணிக்குள் போனால், லாரியிலிருந்து இறங்கும் காய்கறி மூட்டைகளுக்கு நடுவே நம் பக்கத்துத் தமிழைத் தாராளமாகக் கேட்கலாம். பாவூர்சத்திரத்துக் காய்கறிகள் மலையைத் தாண்டிப் போவதே கேரளத்து அடுப்புகளுக்காகத்தானே. செவ்வாழை, நேந்திரன், மட்டி என்று வாழைத்தார்கள் தொங்கும் கடைகளின் முன்னால் நின்று ஒவ்வொன்றிலும் ஒரு பழம் வாங்கித் தின்று பாருங்கள். மதியம் அங்கேயே இலை போட்டுச் சாப்பாடு கிடைத்தால், கடைசியில் போளியின் மேல் பாயசத்தை ஊற்றிப் பிசைந்து சாப்பிடுவதைத் தவறவிடாதீர்கள். சொதியில் வளர்ந்த நாக்குக்குத் தேங்காய்ப்பால் சமையல் அன்னியமாகவும் தோன்றாது.

விடுமுறையில் ஊருக்கு வரும்போது உடன் பறக்கும் நண்பர்களை அழைத்து வாருங்கள். நயினார்குளம் மார்க்கெட்டை விடியற்காலையில் காட்டுங்கள். கோயிலுக்குக் காலையிலேயே போய்விடுங்கள். மதியம் நடை சாத்திவிடுவார்கள். சொதியை மட்டும் ஓட்டலில் வாங்கிக் கொடுத்துச் சமாளிக்காதீர்கள். கல்யாண வீட்டு மறுநாள் பந்தியில் இஞ்சிப் பச்சடியோடு சாப்பிட்டால்தான் அது சொதி.

வெளிநாட்டுச் சந்தைகளில் பேரம் பேசலாமா?
– ஒரு வாசகி, சங்கரன்கோவில்

துணிமணி, நினைவுப்பொருள் விற்கும் இடங்களில், எடுத்துக்காட்டாகப் பாங்காக்கின் சாதுசாக் வாரச்சந்தையில், சிரித்த முகத்தோடு கேட்டுப் பார்க்கலாம். விலை எழுதி ஒட்டிய சாப்பாட்டுக் கடையில் கேட்கக் கூடாது. வாங்கும் எண்ணம் இல்லாமல் விலையைக் குறைக்கவைத்துவிட்டு நகர்வது எந்த ஊரிலும் மரியாதை அல்ல.

டுரியான் பழம் வாங்கி வரச் சொல்லி மாமனார் வற்புறுத்துகிறார். கொண்டுவர முடியுமா?
– ஒரு மருமகள், திசையன்விளை

முடியாது. அதன் வாசனை ஊர் அறிந்தது, சிங்கப்பூரின் எம்.ஆர்.டி. ரயிலில் ஏற்ற விடமாட்டார்கள், பெரும்பாலான விடுதிகள் வாசலிலேயே படம் போட்டுத் தடுத்திருக்கும், விமானத்திலும் இடம் இல்லை. முள்ளைப் பார்த்து அதைப் பலாவின் தம்பி என்று உங்கள் மாமனார் நினைத்திருக்கலாம். தாவரவியல்படி அது வெண்டைக்காயும் பருத்தியும் சேர்ந்த குடும்பத்தைச் சேர்ந்தது.

பாங்காக்கில் ஒரு முறை நான்கு மடிப்புப் பையில் பொதிந்து அறைக்குக் கொண்டுபோய்விட்டேன். அரை மணி நேரத்தில் மாடி முழுவதும் தெரிந்துவிட்டது. பழத்தை எடுத்துக்கொண்டு கீழே இறங்கும்படி மேலாளர் கைகூப்பிக் கேட்டுக்கொண்டார். மழையில் குடை பிடித்தபடி வாகன நிறுத்தத்து மூலையில் நின்று, காவலாளிக்குப் பாதியைக் கொடுத்துவிட்டு மீதியைத் தின்று தீர்த்தேன். மாமனாரை ஒரு முறை உடன் அழைத்துப்போய்க் கடை வாசலில் முக்காலி போட்டு உட்காரவைத்துச் சாப்பிடச் சொல்லுங்கள்.