நெகட்டிவ் எங்கே என்று கேளுங்கள்

சாலையோர விசித்திரங்களைப் பிலிமில் எடுப்பவர்கள் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதும், அவர்களில் இத்தனை பேர் ஏமாந்திருக்கிறார்கள் என்பதும் கடிதக் கட்டைப் பிரித்தபோதுதான் தெரிந்தது. இடம் கருதிக் கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கே: பழைய கேமரா ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. ‘புதிது போல இருக்கிறது, சோதிக்கவில்லை’ என்கிறது விளம்பரம். வாங்கலாமா?

ப: ‘சோதித்தேன், ஓடவில்லை’ என்று படித்துக்கொள்ளுங்கள். நேரில் பார்க்க விட்டால் மட்டும் போங்கள். பின்கதவைத் திறந்து வைத்து, ஒரு நொடி வேகத்திலும் அதிகபட்ச வேகத்திலும் ஷட்டரைத் தட்டிப் பாருங்கள். பழைய கேமராக்கள் முதலில் திணறுவது மெதுவான வேகங்களில்தான். கதவு ஓரத்துப் பஞ்சைத் தொட்டுப் பாருங்கள். தார் போல விரலில் ஒட்டினால் அதை மாற்றியாக வேண்டும். மாற்றாவிட்டால் வெளிச்சம் உள்ளே கசியும்.

கே: லென்ஸில் பூஞ்சை கொஞ்சம்தான், படத்தைப் பாதிக்காது என்கிறார் விற்பவர்.

ப: பாதிக்காது என்றால் அவரே வைத்துக்கொள்ளட்டும்.

கே: ஒரு கேமரா, கையில் எடுத்ததும் கனமாக இருந்தது, பெயரும் எங்கோ கேள்விப்பட்டது போல இருந்தது. நம்பி வாங்கிவிட்டேன். லென்ஸ் உட்பட எல்லாமே பிளாஸ்டிக். நான் முட்டாளா?

ப: நீங்கள் முட்டாள் என்றால் நான் உங்களுக்கு மூத்த முட்டாள். எனக்கு வாய்த்ததும் இதே ரகம்தான்: புகழ்பெற்ற பெயரில் ஓர் எழுத்தை மாற்றி, பெரிய லென்ஸ் போல ஒரு குழாயை முன்னால் ஒட்டி வைத்திருந்தார்கள். ஒரு ரோல் முழுவதும் மங்கலாக வந்த பிறகு அடிமூடியின் திருகுகளைக் கழற்றினேன். உள்ளே கனத்துக்காகவே வைத்த இரும்புத் துண்டு ஒன்று இருந்தது. வேறெந்த வேலையும் அதற்கு இல்லை. கேமராவை எறிந்துவிட்டேன், துண்டு மேசை இழுப்பறையில் இருக்கிறது. அவசரமாக எதையாவது வாங்கத் தோன்றினால் அதை எடுத்துக் கையில் வைத்துக்கொள்வேன்.

கே: கோடக் நிறுவனத்தின் பழைய வண்ண பிலிம், கோடாக்ரோம் ரோல்கள் பத்து மலிவாகக் கிடைத்தன. எங்கே கழுவக் கொடுப்பது?

ப: வாங்கும் முன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. கோடாக்ரோம் தயாரிப்பைக் கோடக் 2009இல் நிறுத்தியது. அதை வண்ணத்தில் கழுவிவந்த கடைசி லேப், அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்துப் பார்சன்ஸ் ஊரில் இருந்தது. 2010 இறுதியோடு அதுவும் ரோல் வாங்குவதை நிறுத்தியது. இனி யாராவது மனம் வைத்தால் கறுப்பு வெள்ளையாகக் கழுவித் தரலாம். டப்பாக்கள் அழகானவை, அலமாரியில் அடுக்குங்கள்.

கே: செருப்பு வடிவிலேயே கட்டிய பழைய செருப்புக் கடை ஒன்றைப் படம் எடுத்தேன். குதிகால் பகுதியில் கையால் எழுதிய வரி ஒன்று பாதி அழிந்திருந்தது. லேப் அனுப்பிய ஸ்கேனில் அந்த எழுத்துகள் வெறும் கறையாகத் தெரிகின்றன. கட்டடத்தை இடித்துவிட்டார்கள். நெகட்டிவைக் கேட்டால், முப்பது நாளில் எறிந்துவிடுவோம், ரசீதின் பின்பக்கம் இருக்கிறது என்கிறார்கள்.

ப: பின்பக்கம்! பணம் வாங்கியதற்கான எண் மட்டும் முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருக்கும்.

இதை எத்தனை முறை எழுதினாலும் எனக்கு ஆறாது. நெகட்டிவ்தான் மூலம், ஸ்கேன் அதன் நகல், அதுவும் அன்றைய அவசரத்தில் எடுத்த நகல். லேப் உங்களுக்கு அனுப்பிய கோப்பு 1,500 பிக்சல் அகலம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதே 24க்கு 36 மில்லிமீட்டர் நெகட்டிவ் நல்ல ஸ்கேனரில் 5,000 பிக்சலுக்கு மேல் தரும். குதிகால் எழுத்து அதில் படிக்கக் கிடைத்திருக்கலாம். கழுவக் கொடுத்த பிலிம் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பொருள்; அதில் இருப்பது நீங்கள் பார்த்த காட்சி. அதை எறியும் உரிமையைப் பொடி எழுத்தில் ஒளித்து வைப்பவர் செய்வது சேவை இல்லை.

சாலையோரப் படங்களுக்கு இந்த இழப்பு இரட்டிப்பு. மலை நாளையும் நிற்கும். சிமென்ட் செருப்பு நிற்காது. ஜான் மார்கோலிஸ் என்பவர் அமெரிக்கச் சாலையோரத்து விசித்திரக் கட்டடங்களையும் பலகைகளையும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அலைந்து எடுத்தார். அவருடைய 11,710 வண்ண ஸ்லைடுகள் இன்று அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன. அவர் எடுத்தவற்றில் பல இடங்கள் இப்போது இல்லை. பிலிம் கையில் இருந்ததால்தான் பிற்காலத்தில் பெரிதாக ஸ்கேன் செய்ய முடிந்தது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். தொலைபேசியில் கேட்காதீர்கள், நேரில் போங்கள். எந்தத் தேதியில் எறிந்தார்கள் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். ‘எறிந்துவிட்டோம்’ என்று லேப் சொன்ன என் நெகட்டிவ் ஒன்று, நான் போய் நின்ற பிறகு, யாருடைய கல்யாணப் படங்களுக்கு நடுவிலோ ஓர் அட்டைப்பெட்டியிலிருந்து வெளியே வந்தது. இனி ரோலைக் கொடுக்கும்போதே ‘நெகட்டிவ் வேண்டும், ஆறு ஆறாக வெட்டி உறையில் போட்டு’ என்று ரசீதின் முன்பக்கத்தில் எழுதி வாங்குங்கள்.

கே: 1970களின் கேமரா. ஒளிமானி வேலை செய்கிறது என்று புது பேட்டரி போட்டு ஊசி நகர்வதைக் காட்டி விற்றார்கள். படங்களெல்லாம் இருண்டு வருகின்றன.

ப: ஊசி நகர்ந்தது உண்மை, சரியான இடத்துக்கு நகர்ந்ததா என்பதுதான் கேள்வி. அந்தக் காலத்துக் கேமராக்கள் பல 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்தவை. பாதரசம் நஞ்சு என்பதால் அது விற்பனையிலிருந்து போய்விட்டது. இன்றைய 1.5 வோல்ட் பேட்டரியைப் போட்டால் பல மானிகள் இருப்பதைவிட வெளிச்சம் அதிகம் என்று காட்டும், நீங்கள் வெளிச்சத்தைக் குறைப்பீர்கள், படம் இருளும். காது கேட்கும் கருவிக்கான துத்தநாகக் காற்று பேட்டரி 1.4 வோல்ட் தரும். சிறு வளையம் வைத்துப் பொருத்தலாம். ஆனால் சில வாரங்களில் தீர்ந்துவிடும். விற்றவருக்கு இது தெரியாது என்று நான் நம்பவில்லை.

கே: ரோல் முழுவதும் வெறுமையாக வந்தது. முப்பத்தாறு படங்கள்! மரத்தில் ஆணியடித்த டெலிபோனும் அதில் உண்டு. லேபிடம் பணத்தைத் திருப்பிக் கேட்கப் போகிறேன்.

ப: போகும் முன் பிலிமின் ஓரத்தைப் பாருங்கள். பிலிமின் பெயரும் எண்களும் தெளிவாகத் தெரிகின்றனவா? அப்படியானால் லேப் ஒழுங்காகத்தான் கழுவியிருக்கிறது. அநேகமாக நீங்கள்தான் பிலிமின் நுனியைச் சரியாகச் செருகவில்லை. அது நகரவே இல்லை. ஒவ்வொரு முறை பிலிமை நகர்த்தும் நெம்புகோலை இழுக்கும்போதும் இடப்பக்கத்துக் குமிழ் சுழல்கிறதா என்று பாருங்கள். அது சும்மா நின்றால் படம் விழவில்லை என்று அர்த்தம். முப்பத்தாறு தடவையில் ஒரு தடவைகூடவா கண் அங்கே போகவில்லை?

டெலிபோன் இன்னும் மரத்தில் இருந்தால் இந்த வாரமே போங்கள்.