லேப் கதவில் ஒட்டிய தாள்: கணினி டீச்சர் பதில்கள்

(இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை கணினி வகுப்பின் விதிமுறைகளைப் பற்றியே. மேல்வகுப்பு மாணவர்களுக்குக் கணினிப் பயிற்சி நடத்தும் ஆசிரியை பதில் சொல்கிறார்.)

கே: போனும் கையுமாகவே வளர்ந்தவன் என் மகன். வீட்டில் எந்தக் கருவி மக்கர் செய்தாலும் அவன்தான் சரிசெய்வான். அவனுக்குப் போய்க் கணினிப் பாடத்தில் பாதி மதிப்பெண்தான் வந்திருக்கிறது. அந்த வகுப்பில் அப்படி எதைத்தான் எதிர்பார்க்கிறார்கள்?
— ஒரு தந்தை

ப: அவனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள் சார். "போன வாரம் செய்த பயிற்சி எங்கே இருக்கிறது?" பெரும்பாலும் "கம்ப்யூட்டர்லதான் இருக்கு" என்று பதில் வரும். போனில் படம் எடுத்தால் அது தானாகவே கேலரிக்குப் போய்விடுகிறது. எந்த இடத்தில் போய்ச் சேர்ந்தது என்று யாரும் கேட்பதில்லை. கணினியில் அதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும். எந்த டிரைவ், எந்த ஃபோல்டர், என்ன பெயர்? விரல் வேகமாக ஓடும் பிள்ளைகளே இந்த இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். டெஸ்க்டாப் முழுக்க "ஃபைனல்", "புது ஃபைனல்", "இதுதான் ஃபைனல்" என்று கிடக்கும்.

அதனால் என் லேப் கதவில் ஒட்டியிருக்கும் தாளில் முதல் விதியே ஃபைலின் பெயரைப் பற்றியது. முதலில் தேதி, அதுவும் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில், 2025-03-07 என்பதுபோல. அடுத்து பதிவெண். அடுத்து பாடம். ஏன் ஆண்டு முன்னால் வர வேண்டும்? பெயர்களை அடுக்கும்போது கணினி இடமிருந்து வலமாகத்தான் ஒப்பிட்டுக்கொண்டு போகும். நாளை முன்னால் போட்டால் மார்ச் முதல் தேதியும் டிசம்பர் முதல் தேதியும் அடுத்தடுத்து நிற்கும், மார்ச்சின் மற்ற நாட்கள் எங்கெங்கோ கிடக்கும். ஆண்டை முன்னால் வைத்தால் பெயர் வரிசையே கால வரிசையாகிவிடும். தேதியை இப்படி எழுத ஐஎஸ்ஓ 8601 என்று சர்வதேசத் தரமே இருக்கிறது.

பெயர் தப்பாக வந்த ஃபைலை நான் திறப்பதில்லை, திருப்பி அனுப்பிவிடுவேன். கடுமைதான். ஆனால் வகுப்பு மொத்தமும் "பயிற்சி 1" என்று அனுப்பினால் யாருடையது எது என்று எனக்கு எப்படித் தெரியும்? உங்கள் மகன் இழந்த பாதி மதிப்பெண் அநேகமாக இங்கேதான் போயிருக்கும்.

கே: டீச்சர், எங்கள் மேடம் கீபோர்டின் மேல் துணியைப் போட்டு மூடிவிட்டு டைப் பண்ணச் சொல்கிறார். நான் இரண்டு விரலிலேயே எல்லாரையும்விட வேகமாக அடிப்பேன். பிறகு எதற்கு இந்தக் கொடுமை?
— 9ஆம் வகுப்பு மாணவன்

ப: உன் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது தம்பி. 2016இல் ஃபின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் டைப் அடிப்பவர்களின் விரல் அசைவுகளைக் கேமராக்கள் வைத்து ஆராய்ந்தார்கள். பத்து விரல் பயிற்சி பெறாதவர்களிலும் சிலர், பயிற்சி பெற்றவர்களுக்கு ஈடாக அடித்தார்கள். ஒரே எழுத்தை எப்போதும் ஒரே விரலால் அடிப்பவர்களுக்குத்தான் வேகம் வந்தது. இதுவரை உனக்குச் சாதகம். அதே ஆய்வில், பயிற்சி இல்லாதவர்களின் கண் கீபோர்டிலேயே அதிக நேரம் இருந்தது என்பதும் தெரிந்தது. துணி அதற்குத்தான். கேப்ஸ் லாக் விழுந்தது தெரியாமல் ஒரு பத்தி முழுக்க அடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்துத் தலையில் கைவைத்த அனுபவம் உனக்கும் இருக்கும்.

எஃப், ஜே என்ற இரண்டு பொத்தான்களையும் தடவிப் பார். ஒவ்வொன்றிலும் சின்ன மேடு இருக்கும். சுட்டுவிரல்களின் வீடு அது. கண்ணை மூடிக்கொண்டு அந்த மேட்டைக் கண்டுபிடிக்கப் பழகும்வரை துணி இருக்கட்டும். அதற்குமேல் வருடம் முழுக்க மூடி வைப்பதில் எனக்கும் உடன்பாடில்லை. எழுத்துகள் அகரவரிசையில் இல்லாததற்கு மட்டும் உன் மேடத்தைத் திட்டாதே. ஷோல்ஸ் உருவாக்கி, 1874இல் ரெமிங்டன் நிறுவனம் விற்கத் தொடங்கிய டைப்ரைட்டரிலிருந்து வந்த வரிசை அது.

வேகக் கணக்கையும் தெரிந்துகொள். ஐந்து தட்டல் ஒரு சொல். இடைவெளியும் ஒரு தட்டல்தான். நூறு தட்டலில் 95 சரியாக விழும்வரை நான் கடிகாரத்தையே கையில் எடுப்பதில்லை. அழித்து அழித்து அடிக்கும் நேரமும் உன் நேரம்தானே?

கே: லேப்புக்குள் தண்ணீர் பாட்டில்கூடக் கூடாதா?
— தாகத்துடன் ஒரு மாணவி

ப: கூடாதும்மா. தனிக் கீபோர்டில் தண்ணீர் கொட்டினால் கீபோர்டோடு போகும். லேப்டாப்பில் கொட்டினால், அந்தப் பொத்தான்களுக்குக் கீழேதான் மதர்போர்டும் பேட்டரியும். வாசலில் பாட்டிலை வை, போய்க் குடித்துவிட்டு வா. அதற்கு நான் அனுமதிகூடக் கேட்கச் சொல்வதில்லை.

கே: என் லாகின் பாஸ்வேர்டை நண்பனுக்குச் சொல்லியிருந்தேன். அவன் என் கணக்கில் நுழைந்து, பொது ஃபோல்டரில் இருந்த மற்றவர்களின் ஃபைல்களை அழித்துவிட்டான். தண்டனை எனக்கு! இது நியாயமா?
— 10ஆம் வகுப்பு மாணவன்

ப: அழித்தது அவன். ஆனால் கணினியின் பதிவேட்டில் நிற்பது உன் பெயர். எந்தக் கணக்கு, எத்தனை மணிக்கு, எந்த ஃபைலை அழித்தது என்றுதான் அதில் இருக்குமே தவிர, நாற்காலியில் இருந்த முகம் அதில் தெரியாது. உனக்குத் தண்டனை பாஸ்வேர்டைக் கொடுத்ததற்கு. அழித்ததற்கு அவனும் தனியாக அனுபவிக்க வேண்டும். அதை உன் ஆசிரியர் விட்டிருந்தால் அது தப்பு.

பாஸ்வேர்டு எப்படி இருக்க வேண்டும் என்று சிலர் கேட்டிருந்தார்கள், அவர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பெரிய எழுத்து, ஒரு எண், ஒரு குறியீடு, அதையும் அடிக்கடி மாற்று என்ற அறிவுரை பரவக் காரணம் 2003இல் அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் வெளியிட்ட வழிகாட்டி. அதை எழுதிய பில் பர், அந்த அறிவுரைகளில் பலவற்றுக்காக வருந்துவதாக 2017இல் வெளிப்படையாகச் சொன்னார். அதே ஆண்டு நிஸ்ட்டும் தன் அறிவுரையை மாற்றிக்கொண்டது. நீளமாக இருக்கட்டும், கசிந்துவிட்டது என்று தெரிந்தால் மாற்றினால் போதும். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலு சொற்களைக் கோத்து வைத்துக்கொள். பெயரும் பிறந்த தேதியும் வேண்டவே வேண்டாம். அப்புறம், எழுந்து போகும்போது விண்டோஸ் பொத்தானையும் எல் பொத்தானையும் சேர்த்து அழுத்து. திரை பூட்டிக்கொள்ளும்.

கே: ஸ்ப்ரெட்ஷீட் பயிற்சியை ஏஐயிடம் கொடுத்துச் செய்து வாங்கினேன். எல்லா விடையும் சரி. ஆனாலும் டீச்சர் முட்டை போட்டுவிட்டார். விடை சரியென்றால் போதாதா?
— 11ஆம் வகுப்பு மாணவி

ப: போதாது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஒரு கேள்வியைத்தான் இந்த வாரம் பலரும் வெவ்வேறு விதமாகக் கேட்டிருக்கிறார்கள்.

மதிப்பெண் பட்டியல் பயிற்சி என்றால் நான் மொத்தம் இருக்கும் கட்டத்தைப் பார்ப்பதற்கு முன், மேலே இருக்கும் ஃபார்முலா பட்டையைத்தான் பார்ப்பேன். அங்கே சம் (SUM) என்ற கூட்டல் ஃபார்முலா இருக்கிறதா, வெறும் 412 என்ற எண் இருக்கிறதா? இரண்டும் கட்டத்துக்குள் ஒரே மாதிரிதான் தெரியும். ஒரு மாணவனின் கணக்கு மதிப்பெண்ணை மாற்றிப் பார்ப்பேன். மொத்தம் தானாக மாறினால் அது கணக்கு. மாறவில்லை என்றால் யாரோ போட்ட விடையை அடித்து வைத்த அட்டவணை. அடுத்து, பட்டியலின் கடைசி வரிக்குக் கீழே புதிதாக ஒரு மாணவியைச் சேர்க்கச் சொல்வேன். சராசரியில் அவள் சேர்ந்தாளா, இல்லையா? ஏஐயிடம் வாங்கி வந்தவர்கள் அநேகமாக இங்கேதான் விழிப்பார்கள், ஃபார்முலா எந்த வரியிலிருந்து எந்த வரி வரை போகிறது என்று பார்த்தே இருக்க மாட்டார்கள்.

இது பள்ளிக்கூடத்துப் பிடிவாதம் என்று நினைக்காதே. ராய்ன்ஹார்ட், ரோகாஃப் என்ற பேர்பெற்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2010இல் நாடுகளின் கடனையும் வளர்ச்சியையும் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். பல நாடுகளின் கொள்கை விவாதங்களில் அது மேற்கோளாகக் காட்டப்பட்டது. 2013இல் தாமஸ் ஹெர்ன்டன் என்ற மாணவர், வகுப்புப் பயிற்சிக்காக அதே கணக்கைத் திரும்பச் செய்து பார்த்தார், விடை பொருந்தவில்லை. கேட்டு வாங்கிய எக்ஸெல் ஃபைலைத் திறந்தால், 20 நாடுகளின் சராசரி எடுக்க வேண்டிய ஃபார்முலா 15 நாடுகளோடு நின்றிருக்கிறது! ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஐந்தும் வெளியே. அந்தக் கட்டுரையின் மேல் வேறு குறைகளும் சொல்லப்பட்டன என்றாலும், இந்த ஒன்றைப் பிடிக்க ஃபார்முலாவைச் சொடுக்கிப் பார்த்தாலே போதும்.

இன்னொன்று. 2020இல் இங்கிலாந்தில் கிட்டத்தட்ட 16,000 கொரோனா நோயாளிகளின் விவரம் தினசரிக் கணக்கில் சேராமல் விடுபட்டது. எக்ஸெல்லின் பழைய எக்ஸ்எல்எஸ் (.xls) வகை ஃபைலில் 65,536 வரிகளுக்கு மேல் இடமில்லை. மிச்சம் சத்தமில்லாமல் வெட்டுப்பட்டுப் போனது. புது வகையில் 10,48,576 வரிகள் கொள்ளும். ஃபைலின் வகையைக் கேட்டால் "அதெல்லாம் எதுக்கு டீச்சர்" என்று கொட்டாவி விடும் கடைசி பெஞ்சுக்கு இதை வாசித்துக் காட்டு.

ஏஐயை நான் வேண்டாம் என்று சொல்வதில்லை. என் தாளில் இருப்பது இவ்வளவுதான்: எங்கே பயன்படுத்தினாய், என்ன கேட்டாய் என்று ஃபைலின் முதல் வரியில் எழுது. கொடுத்த எதையும் என் எதிரில் உட்கார்ந்து திரும்பச் செய்து காட்ட உன்னால் முடிய வேண்டும். முடிந்தால் முழு மதிப்பெண். உன் டீச்சர் இப்படி ஒரு வாய்ப்புத் தராமலே முட்டை போட்டிருந்தால், மரியாதையாகப் போய்க் கேள். "எதிரிலேயே செய்து காட்டட்டுமா டீச்சர்?" என்று கேட்கும் பிள்ளையை எந்த ஆசிரியரும் விரட்ட மாட்டார்.

கே: "ஃபைல் கரப்ட் ஆகிவிட்டது" என்று சொன்னால் நம்புவீர்களா?
— சும்மா கேட்டேன்

ப: சும்மா கேட்டவரே, நம்புவேன், ஒரு முறை. உண்மையிலேயே ஆவதுண்டு. பென்டிரைவில் எழுதி முடித்துவிட்டதாகத் திரையில் காட்டிய பிறகும், கொஞ்சம் தகவல் இன்னும் நினைவகத்தில் காத்திருக்கலாம். அந்த நேரத்தில் வெடுக்கென்று பிடுங்கினால் ஃபைல் பாதியில் அறுந்துவிடும். அதனால்தான் எஜெக்ட் கொடுத்துவிட்டு எடுக்கச் சொல்கிறோம். இரண்டாவது முறை அதே காரணம் வந்தால், "இன்னொரு பிரதி எங்கே?" என்று கேட்பேன். அனுப்பிய ஃபைலை அனுப்பிய இடத்திலிருந்தே ஒரு தடவை திறந்து பார்த்துவிட்டு நகர வேண்டும் என்பது விதி. கெடு நேரம் வரை இழுத்துப்பிடித்து, வேண்டுமென்றே உடைந்த ஃபைலை அனுப்பி ஒருநாள் சம்பாதிக்கும் வித்தையெல்லாம் எங்களுக்கும் தெரியும்.

கே: தமிழில் டைப் செய்து கொடுத்த கட்டுரையை "ஒன்றும் புரியவில்லை" என்று டீச்சர் திருப்பிவிட்டார். என் கணினியில் நன்றாகத்தான் தெரிகிறது.
— 9ஆம் வகுப்பு மாணவி

ப: பழைய எழுத்துருவில் அடித்திருப்பாய். கணினி ஒவ்வொரு எழுத்தையும் ஓர் எண்ணாகத்தான் வைத்திருக்கும். பழைய எழுத்துருவில் உள்ளே இருப்பதெல்லாம் ஆங்கில எழுத்துகளின் எண்கள்தான். எழுத்துரு மேலே தமிழ் வேஷம் போடுகிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வேஷம் கலைந்துவிடும். ஒவ்வொரு மொழியின் எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரும் யூனிகோடில் அடி. 1991இல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்குத் தனி இடம் உண்டு. விசைப்பலகைக்குத் தமிழ்99 பழகு. உயிர் இடக்கையில், மெய் வலக்கையில்.

கே: புதிதாகப் பணியில் சேர்ந்திருக்கிறேன். 40 மாணவர்கள், 20 கணினிகள். முதல் நாளே ஒரு பக்கத்துக்கு விதிமுறை எழுதிக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். சரியா?
— ஓர் இளம் ஆசிரியை

ப: ஒரு பக்கத்தை யாரும் படிக்க மாட்டார்கள்மா. "ஏன்?" என்று ஒரு பிள்ளை கேட்டால் காரணம் சொல்ல முடிகிற விதிகளை மட்டும் வையுங்கள். "சத்தம் போடாதே" என்பதை அடித்துவிடுங்கள். இரண்டு பேர் ஒரு கணினியில் உட்கார்ந்தால் பேசத்தான் செய்வார்கள், பேச வேண்டும். ஒருவர் வண்டி ஓட்ட ஒருவர் வழி சொல்வதுபோல் ஒருவர் கையில் கீபோர்டு, மற்றவர் கையில் பயிற்சித் தாள். 15 நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாற வேண்டும். மாறச் சொல்லி நீங்கள்தான் குரல் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் தெரிந்த பிள்ளையே கடைசிவரை ஓட்டும்.

நீங்கள் பேசும்போது எல்லா மானிட்டரும் அணைந்திருக்கட்டும். திரை எரியும்போது உங்களை யாரும் பார்க்க மாட்டார்கள், நீங்கள் என்ன வித்தை காட்டினாலும்.

உங்களுக்கும் ஒரு விதி உண்டு. மாணவரின் மவுஸைத் தொடாதீர்கள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயால் சொல்லுங்கள். நீங்கள் வாங்கி நாலு சொடுக்கில் முடித்துக் கொடுத்தால் அந்தப் பிள்ளைக்கு நிம்மதி, உங்களுக்கும் நிம்மதி, அடுத்த வாரம் அதே சந்தேகம்.

கே: எங்கள் வீட்டில் கணினி இல்லை. இருப்பவர்கள் வீட்டில் பழகிவிட்டு வருகிறார்கள். வேகத் தேர்வில் நான் எப்போதும் கடைசி. என்ன செய்வது, டீச்சர்?
— பெயர் வேண்டாம்

ப: பெயர் வேண்டாம்தான். ஆனால் இதே கடிதத்தைப் பெயர் போட்டு உன் ஆசிரியரிடம் கொடு. மதிப்பெண்ணுக்கு உரிய வேலை எல்லாம் வகுப்பு நேரத்துக்குள் முடிய வேண்டும் என்பது என் லேப்பின் விதி, உன்னைப் போன்றவர்களுக்காகவே. வேகத்தையும் பக்கத்து நாற்காலியோடு ஒப்பிட மாட்டேன். முதல் மாதத்தில் நிமிடத்துக்கு 9 சொல் அடித்த பிள்ளை 22க்கு வந்தால், 40இல் தொடங்கி 41இல் நிற்பவனைவிட அதற்குத்தான் அதிக மதிப்பெண். உன் ஆசிரியரும் இப்படிப் போடலாம், கேட்டுப் பார். மதிய இடைவேளையில் லேப்பைத் திறந்துவைக்கச் சொல்லியும் கேள். நாளுக்குப் பத்து நிமிடம் எஃப், ஜே மேடுகளில் விரல் வைத்துப் பழகு. வாரத்துக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் அடிப்பதைவிட அதில்தான் விரல் சீக்கிரம் படியும்.

கே: ஹெட்ஃபோனில் பாட்டு கேட்டுக்கொண்டே பயிற்சி செய்யலாமா?
— 12ஆம் வகுப்பு

ப: டைப் பயிற்சியின்போது கேட்டுக்கொள். ஃபார்முலா போடும்போது வேண்டாம். நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டு இரண்டாம் முறையும் திரும்பவில்லை என்றால் ஹெட்ஃபோன் மணி அடிக்கும்வரை என் மேசையில் இருக்கும்.