டிரைவர் எந்த வாசலில் நிற்பார்?

வெளிநாட்டு விமான நிலையத்தில் இறங்கியதும் நம்மை அழைத்துப்போக முன்கூட்டியே ஒரு வண்டிக்குச் சொல்லி வைப்பது பற்றிப் போன இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். அந்த நாலு வரியைப் பிடித்துக்கொண்டு நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். அதனால் இந்த முறை பக்கம் முழுக்க அதற்கே. பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டதால் யார் பெயரையும் போடவில்லை.

கேள்வி: எனக்கு 63 வயது. முதல் முறையாகத் தனியாக விமானம் ஏறுகிறேன். மகளுக்குக் குழந்தை பிறந்து பத்து நாள்தான் ஆகியிருக்கும், மாப்பிள்ளை அவளை விட்டுவிட்டு வர முடியாது. வண்டி புக் செய்துவிட்டார்கள். விமானம் இறங்குவது நள்ளிரவு தாண்டி 12.40-க்கு. டிரைவர் வருவாரா, வந்தாலும் அந்தக் கூட்டத்தில் எப்படிக் கண்டுபிடிப்பேன் என்று நினைத்தாலே தூக்கம் போய்விடுகிறது.

பதில்: அம்மா, டிரைவரைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன்னால் தேதியைப் பாருங்கள். உங்கள் டிக்கெட்டில் இறங்கும் நேரத்துக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் ‘+1’ என்று இருக்கிறதா? இருந்தால், ஏறிய தேதிக்கு அடுத்த தேதியில் இறங்குகிறீர்கள் என்று அர்த்தம். 14-ம் தேதி ஏறி ராத்திரி 12.40-க்கு இறங்கினால் அது 15-ம் தேதி. பேச்சுவழக்கில் நாம் ‘பதினாலாம் தேதி ராத்திரி’ என்றுதான் சொல்லுவோம், அந்த நினைப்பிலேயே வண்டிக்கும் 14 என்று போட்டுவிடுவோம். டிரைவர் ஒரு நாள் முன்னதாக வந்து காத்திருந்துவிட்டுப் போயிருப்பார். டிக்கெட் புக்கிங் மேஜையில் 19 வருடம் உட்கார்ந்திருந்தேன். நான் அதிகம் பார்த்த தவறு இதுதான். இன்றைக்கே மகளைப் போனில் கூப்பிட்டு, டிக்கெட்டை நீங்களும் வண்டி வவுச்சரை (வண்டி பதிவு செய்ததற்கான சீட்டை) அவளும் கையில் வைத்துக்கொண்டு, தேதியை வாய்விட்டுப் படித்து ஒத்துப் பாருங்கள். டிக்கெட்டில் இருக்கும் இறங்கும் நேரம் எப்போதும் இறங்கும் ஊரின் நேரம்தான். கூட்டிக் கழிக்க வேண்டாம்.

அப்படியே ஃப்ளைட் நம்பரையும் பாருங்கள். வண்டி அனுப்புகிறவர்கள் அந்த நம்பரை வைத்துத்தான் விமானம் எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். இரண்டு மணி நேரம் தாமதமானால் டிரைவரும் இரண்டு மணி நேரம் கழித்து வருவார். அந்த இடத்தைக் காலியாக விட்டிருந்தால் அவருக்குத் தெரிவது கடிகாரம் மட்டும்தான்.

சரி, இறங்கிவிட்டீர்கள். இமிக்ரேஷன், பெட்டி வரும் பெல்ட், கஸ்டம்ஸ், அப்புறம் ஒரு தானியங்கிக் கதவு. அது திறந்ததும் எதிரே ஒரு கம்பித் தடுப்பு, அதன்மேல் சாய்ந்தபடி வரிசையாக ஆட்கள். சிலர் கையில் பிளாஸ்டிக் உறையில் போட்ட தாள், சிலர் கையில் டேப்லெட். பின்னால் வருகிறவர்கள் தள்ளினாலும் அவசரப்படாதீர்கள். ஓரமாக ஒதுங்கி நின்று, இடது கோடியிலிருந்து வலது கோடி வரை ஒவ்வொரு பலகையாகப் படியுங்கள். பாஸ்போர்ட்டில் உள்ள நீளப் பெயரின் பின்பாதி மட்டும் அதில் இருக்கலாம், எழுத்து மாறியும் இருக்கலாம். பலகையில் என்ன பெயர் எழுத வேண்டும் என்று புக்கிங்கிலேயே குறிப்பிடலாம். சட்டென்று உங்கள் கண்ணில் படும் பெயராகப் போடும்படி மகளிடம் சொல்லுங்கள்.

பலகையைப் பார்த்ததும் ‘நான்தான் அது’ என்று போய் நிற்காதீர்கள். உங்கள் பெயர் அங்கே எல்லோர் கண்ணிலும் படுகிறது, யார் வேண்டுமானாலும் அதைப் படித்துவிட்டு வந்து கூப்பிடலாம். எங்கே போக வேண்டும், புக்கிங் நம்பர் என்ன என்று அவரைச் சொல்லவையுங்கள். உண்மையான டிரைவர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். ‘டாக்சி, மேடம்?’ என்று தானாகக் கிட்டே வருகிறவர்களுக்குப் பதிலே வேண்டாம், நடந்துகொண்டே இருங்கள். பிரிட்டனில் அப்படி ஆள் பிடிப்பது சட்ட விரோதம். அங்கே தனியார் வாடகை வண்டி முன்கூட்டியே பதிவு செய்தால்தான் ஏற்றலாம். ஜப்பானில் பயணிகளை ஏற்றும் தொழில் வண்டிக்குப் பச்சை நம்பர் பிளேட், சொந்த வண்டிக்கு வெள்ளை அல்லது மஞ்சள்.

ஒரு விஷயம் என் அம்மாவை வைத்துச் சொல்கிறேன். அவரை அழைத்துக்கொண்டு போனபோது சக்கர நாற்காலி உதவி கேட்டிருந்தேன். உங்களைப் போலத் தனியாகப் போகிற அம்மாக்கள், நடக்க முடிந்தாலும், வழி தெரியாததால் அதைக் கேட்பதுண்டு. நல்ல உதவிதான். ஆனால் நாற்காலி தள்ளிய பையன் எங்களை வேறு லிஃப்டில் இறக்கி வேறு வாசல் வழியாக வெளியே கொண்டுவந்து விட்டான். டிரைவர் முதன்மை வாசலில் பலகையோடு 50 நிமிடம் நின்றார். நாங்கள் இங்கே நிற்கிறோம். என் போனில் ரோமிங் போடவில்லை. நிலையத்து வைஃபையைத் தொட்டால், அது உள்ளே விட ஓடிபி கேட்டது. அந்த ஓடிபி வர வேண்டியதோ வேலை செய்யாத என் சிம்முக்கு! அம்மா நாற்காலியில் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, என்னைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று ஒரு வார்த்தை பேசாமல் இருந்தார். அந்த முகம் இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது. கடைசியில் அங்கே தரை துடைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் தன் போனைக் கொடுத்து உதவினார்.

அதனால் சக்கர நாற்காலி கேட்டிருந்தால் வண்டி புக்கிங்கின் குறிப்பில் அதைக் கட்டாயம் எழுதச் சொல்லுங்கள். நாற்காலி தள்ளுகிறவரிடமும் வவுச்சரைக் காட்டி ‘இதில் எழுதியிருக்கும் வாசலில் டிரைவர் காத்திருக்கிறார்’ என்று முதலிலேயே சொல்லுங்கள். கிளம்பும் முன்பே ரோமிங் போட்டுவிடுங்கள். வண்டிக் கம்பெனியின் 24 மணி நேர நம்பரையும், மகளின் நம்பரையும், வீட்டு முகவரியையும் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி, நாட்டுக் குறியீட்டு எண்ணோடு, பாஸ்போர்ட்டுக்குள் மடித்து வையுங்கள். போனில் சார்ஜ் தீர்ந்தாலும் அந்தத் தாளைக் காட்டினால் யாராவது கூப்பிட்டுக் கொடுப்பார்கள்.

ஒருவேளை டிரைவரைக் காணவில்லை என்றால் அந்தக் கூடத்தை விட்டு வெளியே போகாதீர்கள். தகவல் மேஜை பக்கத்திலேயே நில்லுங்கள். பார்க்கிங் பக்கம் தேடிப் போனால் அவர் உள்ளே வருவார், நீங்கள் வெளியே இருப்பீர்கள்.

கேள்வி: டிரைவர் 60 நிமிடம் காத்திருந்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு இமிக்ரேஷன் வரிசையிலேயே ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. ‘நீங்கள்தான் வரவில்லை’ என்று சொல்லிப் பணத்தைத் தர மறுக்கிறார்கள். இது நியாயமா?

பதில்: உங்கள் கோபம் புரிகிறது ஐயா. வரிசையின் நீளம் உங்கள் கையில் இல்லை. ஆனாலும் விதிகளை எடுத்துப் பாருங்கள். இலவசக் காத்திருப்பு இவ்வளவு என்று எழுதியிருப்பார்கள், 45 நிமிடமோ 60 நிமிடமோ. அது எப்போதிலிருந்து என்பதுதான் முக்கியம். சிலர் விமானம் தரையைத் தொட்டதிலிருந்து எண்ணுவார்கள். சிலர் நீங்கள் எழுதிக் கொடுத்த பிக்கப் நேரத்திலிருந்து, அதாவது வண்டி வந்து ஏற்ற வேண்டிய நேரத்திலிருந்து எண்ணுவார்கள். உங்களுடையது இரண்டாவது வகை என்றால், டிரைவர் எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்குக் கிளம்பினார் என்ற பதிவை எழுத்தில் கேளுங்கள். நேரத்துக்கு முன்பே கிளம்பியிருந்தால் பணம் திரும்பக் கேட்க உங்களுக்கு வலுவான காரணம் உண்டு. உங்களைக் கூப்பிட்டார்களா, செய்தி அனுப்பினார்களா என்பதையும் கேளுங்கள். போர்டிங் பாஸ், நீங்கள் கூப்பிட்டதற்கான ஸ்கிரீன் ஷாட் இரண்டையும் இணைத்து மின்னஞ்சலிலேயே பேசுங்கள். போனில் சண்டை போட்டால் கையில் எதுவும் மிஞ்சாது. விதிப்படி நேரம் முடிந்த பிறகுதான் போனார் என்றால், முழுப் பணம் கிடைப்பது கஷ்டம். பாதியாவது திருப்பித் தரும்படி கேட்டுப் பாருங்கள்.

அடுத்த முறைக்கு: படிவம் இறங்கும் நேரம் கேட்டால் டிக்கெட்டில் உள்ளதை அப்படியே போடுங்கள். பிக்கப் நேரம் கேட்டால் இறங்கி 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் கழித்துப் போடுங்கள். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதிப் பிரச்சினை. அப்புறம், விமானம் ஓடுபாதையிலிருந்து நிலையக் கட்டடம் நோக்கி ஊர்ந்து போகுமே, அந்த நேரத்தில் ‘இறங்கிவிட்டேன், பெட்டி இருக்கிறது’ என்று ஒரு செய்தி தட்டிவிடுங்கள். அமெரிக்கா போன்ற நாடுகளில் இமிக்ரேஷன் வரிசையில் போன் எடுக்கக் கூடாது என்று பலகையே வைத்திருப்பார்கள், அங்கே போய்ச் சொல்லலாம் என்று இருக்க முடியாது. பெட்டி வரவில்லை என்றாலும் உடனே டிரைவருக்குத் தெரியப்படுத்துங்கள். காணாமல் போன பெட்டிக்கான புகாரை பெல்ட் இருக்கும் கூடத்திலேயே எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள், கஸ்டம்ஸ் தாண்டி வந்துவிட்டால் திரும்ப உள்ளே போவது பெரும்பாடு. புகார் எழுதிக் கொடுக்கவே அரை மணி நேரம் போய்விடும்.

கேள்வி: நாங்கள் ஆறு பேர், அதில் நான்கு வயதில் ஒன்று, ஏழு வயதில் ஒன்று. எட்டு பெட்டி. நடுவில் ஒரு ஊரில் விமானம் மாறுகிறோம். ‘ஏழு பேர் உட்காரும் வண்டி’ என்று போட்டிருக்கிறது. போதும்தானே?

பதில்: போதாது. ஏழு பேரும் உட்கார்ந்தால் கடைசி வரிசைக்குப் பின்னால் கைப்பைகளுக்கு மட்டும்தான் இடம் இருக்கும். ஆட்களின் எண்ணிக்கையோடு பெட்டிகளின் எண்ணிக்கையும் வவுச்சரில் இருக்க வேண்டும். 23 கிலோ பெட்டி எட்டு என்று எழுதி, வேனோ இரண்டு வண்டியோ அவர்களையே முடிவு செய்யச் சொல்லுங்கள். மடக்கும் தள்ளுவண்டி இருந்தால் அதையும் ஒரு பெட்டியாக எண்ணுங்கள்.

கொடுக்க வேண்டியது கடைசி விமானத்தின் நம்பர். நீங்கள் ஏறும் முதல் விமானத்தின் நம்பரைக் கொடுத்தால், அது நடு ஊரில் இறங்கியதும் ‘வந்துவிட்டார்கள்’ என்று கணக்காகிவிடும். டிக்கெட்டில் ஒரு கம்பெனி பெயரும், அதன் கீழே ‘இயக்குவது இன்னார்’ என்று வேறு கம்பெனியும் இருந்தால், உண்மையில் இயக்குகிற கம்பெனியின் நம்பரையும் சேர்த்துக் கொடுங்கள்.

குழந்தைகளுக்கு சைல்ட் சீட் கேளுங்கள், வயதோடு எடையும் சொல்லி. பிரிட்டனில் 12 வயது அல்லது 135 செ.மீ. உயரம், எது முதலில் வருகிறதோ அதுவரை குழந்தைக்குத் தனி இருக்கை வேண்டும். ஜெர்மனியில் 12 வயது அல்லது 150 செ.மீ. ஆனால் சரியான இருக்கை இல்லாத டாக்சிக்குப் பிரிட்டன் சட்டம் விலக்குக் கொடுக்கிறது, அதனால் நீங்கள் கேட்காவிட்டால் இருக்கை இல்லாமலேயே வண்டி வந்து நிற்கும். சட்டம் விலக்குக் கொடுத்தாலும் நெடுஞ்சாலையில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு போகாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: ரயில் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு? தண்டச் செலவு இல்லையா?

பதில்: தம்பி, ஒரு பையை முதுகில் மாட்டிக்கொண்டு பகலில் இறங்குகிறீர்கள் என்றால் ரயிலில்தான் போக வேண்டும். ஆம்ஸ்டர்டாமிலும் சூரிச்சிலும் ரயில் நிலையம் விமான நிலையத்துக்குக் கீழேயே இருக்கிறது. ஆனால் டோக்கியோவின் நரிதா விமான நிலையம் நகரத்திலிருந்து சுமார் 60 கி.மீ., மிலானின் மால்பென்சா சுமார் 50 கி.மீ. நடுராத்திரியில், வயதானவர்களோடு, நாலு பெட்டியோடு அங்கே இறங்குகிறவருக்கு வாசலில் ஒருவர் காத்திருப்பது தண்டச் செலவு இல்லை.

கேள்வி: இஸ்தான்புல்லுக்குப் போகிறோம். ‘இஸ்தான்புல் ஏர்போர்ட்’ என்று போட்டு வண்டி சொல்லிவிட்டோம், சரிதானே?

பதில்: டிக்கெட்டில் உள்ள மூன்றெழுத்துக் குறியீட்டைப் பாருங்கள். ஐஎஸ்டி என்றால் 2019-இல் முழுமையாகச் செயல்படத் தொடங்கிய பெரிய நிலையம், நகரின் ஐரோப்பியப் பக்கம். எஸ்ஏடபிள்யூ என்றால் சபிஹா கோக்சென், ஆசியப் பக்கம். நடுவே பாஸ்பரஸ் நீரிணையே இருக்கிறது. தவறான நிலையத்தில் டிரைவர் நின்றால் அவர் உங்களிடம் வந்து சேர வெகு நேரமாகும்.

ஒரே நிலையத்துக்குள்ளும் இந்தச் சிக்கல் உண்டு. பாரிஸ் சார்ல் டி கோலில் டெர்மினல் 2 என்று மட்டும் சொன்னால் போதாது, அது 2ஏ முதல் 2ஜி வரை பிரிந்து கிடக்கிறது. பாசெல்-மியூலூஸ் நிலையம் இருப்பது பிரான்ஸ் மண்ணில், ஆனால் அதை நடத்துவது பிரான்சும் சுவிட்சர்லாந்தும் சேர்ந்து. அதில் சுவிஸ் பக்கம் ஒரு வாசல், பிரெஞ்சுப் பக்கம் ஒரு வாசல். எந்தப் பக்கம் வெளியே வருகிறீர்கள் என்பதை டிரைவருக்கு முன்பே சொல்லியாக வேண்டும்.

கேள்வி: திரும்பி வரும்போதும் அதே கம்பெனியிலேயே போட்டுவிடலாமா?

பதில்: வருகிற பயணம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். பல கம்பெனிகளில் 24 மணி நேரத்துக்கு முன்னால் ரத்து செய்தால் பணம் திரும்பும், அதனால் அவசரம் இல்லை. நேரம் குறிக்கும்போது விமானம் புறப்படும் நேரத்திலிருந்து மூன்று மணி நேரம் பின்னோக்கி எண்ணி, அதற்கும் முன்னால் சாலைப் பயண நேரத்தை வையுங்கள். ஐரோப்பாவில் பெரும்பாலான நாடுகளில் மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறு அதிகாலையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் மாற்றுவார்கள். அந்த விடியற்காலையில் வண்டி சொல்லியிருந்தால், முந்தின நாள் மாலையே டிரைவரைக் கூப்பிட்டு நேரத்தை ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள்.