கை வீட்டில் இருக்க, ஃபாண்ட் எதற்கு?

கேள்வி: தை மாதம் எனக்குக் கல்யாணம். பத்திரிகை முழுக்கக் கையால் எழுதியது போன்ற ஃபாண்ட்டில் அடிக்க ஆசை. "படிக்கவே முடியாது" என்கிறார் அப்பா. ஒருகாலத்தில் தெருவில் எல்லார் வீட்டுப் பத்திரிகைக்கும் கவரில் பெயர் எழுதித் தந்தவர் அவர்தான். கை நடுங்குவதால் இப்போது எழுதுவதில்லை. அவரை எப்படிச் சம்மதிக்க வைப்பது? - வாசகி, விருதுநகர்

பதில்: சம்மதிக்க வைக்கும் வழியை நான் சொல்லப் போவதில்லை. பத்திரிகைச் சண்டை என்று எத்தனையோ கடிதம் வந்துவிட்டது. எல்லாவற்றிலும் அப்பாதான் பிடிவாதக்காரர். உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி இருக்கிறதே, அதை மறுபடி படியுங்கள். தெருவுக்கே பெயர் எழுதிய கை வீட்டில் இருக்கிறது. நீங்கள் கடையில் கையெழுத்து தேடுகிறீர்கள்! ஒரு தடவையாவது அவரை எழுதச் சொல்லிக் கேட்டீர்களா? கை நடுங்குவதால் எழுத மாட்டார் என்று நீங்களே முடிவு கட்டியது தப்பு.

1953-இல் வந்த மிஸ்ட்ரல் ஃபாண்ட், ரோஜே எக்ஸ்கோஃபான் என்ற பிரெஞ்சுக்காரர் தன் கையெழுத்தை வைத்தே உருவாக்கியது. யாரோ ஒருவரின் கையெழுத்து உங்கள் பத்திரிகைக்கு எதற்கு?

மணமக்கள் பெயரையும் தலைப்பையும் அப்பா எழுதட்டும். கோடில்லாத வெள்ளைத் தாள், கறுப்பு மார்க்கர். அச்சில் வரவேண்டிய அளவைப் போல மூன்று மடங்கு பெரிதாக எழுதச் சொல்லுங்கள். மூன்றில் ஒன்றாகச் சுருக்கும்போது நடுக்கமும் கூடவே சுருங்கிவிடும். அவசரப்படுத்தாமல் ஐந்தாறு தடவை எழுத விடுங்கள். போனில் படம் எடுத்தால் நிழல் விழும். 600 டிபிஐ நுணுக்கத்தில் ஸ்கேன் செய்யுங்கள். கோரல் டிரா என்ற வடிவமைப்பு மென்பொருளில் ட்ரேஸ் செய்யும்போது, அதாவது ஸ்கேன் படத்தைக் கோட்டு வடிவமாக மாற்றும்போது, கவனம்: தூசி நீக்குவதாக நினைத்து அது புள்ளியையும் விழுங்கிவிடும். புள்ளி போனால் 'செல்வி' 'செலவி' ஆகிவிடுவாள். ஒவ்வொரு மெய்யெழுத்தையும் மூலத்தோடு ஒப்பிடுங்கள். வளைவுகளை ரொம்பவும் வழுவழுப்பாக்கிவிட்டால் அப்பாவின் கை அதில் இருக்காது.

மற்றதெல்லாம், அதாவது முகூர்த்த நேரம், மண்டப முகவரி, உறவினர் பெயர்கள், நிமிர்ந்த சாதாரண எழுத்தில் 12 பாயிண்டுக்குக் குறையாமல் இருக்கட்டும். இதில் உங்கள் அப்பா சொன்னதுதான் சரி. கையெழுத்து ஃபாண்ட்டைச் சிறிதாக்கினால் 'ர'வின் வால் தேய்ந்து கால் போல நிற்கும். கொம்பின் சுழி மையில் அடைந்து ஒற்றைக்கொம்பு எது, இரட்டைக்கொம்பு எது என்று தெரியாது. பெரியசாமி, பேரியசாமி ஆவார். பெயரைத் தப்பாகப் போட்டால் பெரியவர்கள் மனம் எவ்வளவு புண்படும் என்று உங்களுக்கே தெரியும். தங்க ஃபாயில் (பளபளக்கும் தங்க நிற அச்சு) வேண்டுமென்றால் மணமக்கள் பெயருக்கு மட்டும். மெல்லிய கோடு அதில் அறுந்துபோகும். அச்சகத்துக்கு அனுப்பும் முன் எழுத்தெல்லாம் 'கர்வ்' ஆக்க, அதாவது ஃபாண்ட் தேவைப்படாத வெறும் கோட்டு வடிவமாக மாற்ற, சொல்லுங்கள். இல்லாவிட்டால் அங்கே ஃபாண்ட் மாறி எழுத்து கொட்டிக் கிடக்கும்.

இன்றைக்கு ராத்திரி சாப்பாடு முடிந்ததும் தாளையும் மார்க்கரையும் அப்பா பக்கத்தில் வையுங்கள். கவர் எல்லாவற்றையும் அவர் எழுத வேண்டாம். குலதெய்வத்துக்கு வைப்பதும் தாய்மாமனுக்குக் கொடுப்பதும் மட்டும் அவர் கையால் இருக்கட்டும்.